பட்டியலில் இல்லாத பாஷைக்காரி

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அடையாள அட்டைகளில் இருந்த பெயர் அவளுடையது இல்லை. அவளுடைய நாட்டில் அரசாங்கத்து ஆட்கள் மலைக்கு ஏறி வந்து, பதிவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, ஊர்ப் பெண்கள் எல்லோருடைய பெயருக்கும் முன்னால் ஒரே சொல்லை ஒட்டிவிட்டுப் போனார்களாம். அந்தச் சொல்லோடுதான் கனடாவுக்கு வந்தாள். வேலையில் எங்கள் சுப்பவைசர் அதுதான் பெயர் என்று நினைத்துக் கூப்பிடுவான். அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். தாய் வைத்த பெயர் எனக்குத் தெரியும். அதை நான் எழுதினால் பிழையாகத்தான் வரும். பிழை அவளுக்குப் பிடிக்காது. ஆகவே விட்டுவிடுகிறேன்.

ரொறொன்ரோவில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் ஒரு லோண்டரியில் நானும் அவளும் பதினொரு வருடம் சோடியாக நின்றோம். தோய்த்த பெட்சீற்றை ஒருத்தி தனியாக, துணியை மடிப்பில்லாமல் அழுத்தித் தேய்க்கும் சூட்டு உருளைக்குள் விட முடியாது. ஒரு மூலை என் கையில், மறு மூலை அவள் கையில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறி, ஒரே அளவாக இழுத்துக் கொடுக்கவேண்டும். நாளடைவில் ஒருத்தி இழுக்கிற இழுவையிலேயே அவளுடைய மனது மற்றவளுக்குத் தெரிந்துவிடும். நித்திரை கொள்ளாத நாள், மகளோடு சண்டை பிடித்த நாள், முழங்கால் நோகும் நாள் எல்லாம் துணி வழியாகவே வந்து சேரும். வாயால் கதைக்க எங்களிடம் இருந்தது உடைந்த இங்கிலீசு. எனக்கு ஒரு ஐம்பது சொல், அவளுக்கு ஒரு நாற்பது சொல். அந்த நாற்பதில் அவள் ஆக அதிகமாகப் பாவித்த சொல் 'ரோங்'.

பிழையைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. வண்டிலில் எத்தனை துணி என்று சுப்பவைசர் பிழையாக எழுதினால் 'ரோங்'. சுவரில் மணிக்கூடு பிந்தி ஓடினால் 'ரோங்'. ஒருநாள் பஸ்ஸில் எவனோ ஒருவன் அவளைச் சீனாக்காரி என்று ஏசினான். இவள் எழும்பி, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து போய், அவன் முகத்துக்கு நேரே 'ரோங்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இருந்தாள். சத்தம் போடவில்லை. பிழைத்த கணக்கைத் திருத்திவிட்டு வருகிற ஆள் மாதிரி இருந்தது.

எங்களோடு வேலை செய்த திரேசம்மா யாழ்ப்பாணம் பட்டணத்தாள். நான் கடலுக்கு அப்பால் தீவுப் பக்கத்தாள். அவளுக்கு இவளைப் பார்த்தால் சிரிப்பு.

"உவவோடை எப்பிடியடி நாள் முழுக்க நிக்கிறாய்? ரீச்சர் மாதிரி எல்லாத்துக்கும் பிழை போடுறா."

"பிழை விட்டால் போடுவாதானே. நீ விடாமல் இரன்" என்றேன்.

லோண்டரியில் வருடத்துக்கு ஒருநாள் எல்லா நாட்டாரும் தங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கும் கொண்டாட்டம் வரும். அந்த வருடம் சுப்பவைசர் மேசைக்கு மேசை கொடி நட்டான். அவள் சாப்பாட்டுக்கு முன்னால் வியட்நாம் கொடி. அவள் கொடியைப் பிடுங்கி, பெட்சீற் மடிப்பதுபோல நாலாக மடித்து, அவன் கையில் வைத்து, "நொட் மைன்" என்றாள். மடிக்கும் பகுதியில் வேலை செய்த ஒரு வியட்நாம் பெண்ணும் எழும்பி வந்து, அது தன்னுடைய கொடியும் இல்லை, தன் ஆட்களை நாட்டை விட்டுத் துரத்தியவர்களின் கொடி என்று சத்தம் போட்டாள். சுப்பவைசர் தலையைச் சொறிந்தான். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததோடு நின்றிருந்தால் நல்லது. நான் நிற்கவில்லை.

பாவம், தேத்தண்ணி நேரத்தில் தனியே இருக்கிறாளே, தன் பாஷையில் நாலு வார்த்தை கதைத்தால் மனம் ஆறுமே என்று நினைத்து, அடுத்த கிழமை அந்த வியட்நாம் பெண்ணை நானே கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் இருத்தினேன். அந்தப் பெண்ணும் நல்லவள். வீட்டிலே செய்த ரோல்ஸ் இரண்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்து, சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த இழுவை பிணத்தின் இழுவை. பேச்சில்லை, பார்வையில்லை. எனக்கும் ரோசம் வந்தது. என்ன செய்துவிட்டேன்? நல்லதுதானே செய்தேன்? நானும் விடாமல் இழுத்தேன். அந்த மூன்று கிழமையில் ரொறொன்ரோ ஆஸ்பத்திரிகளுக்குப் போன பெட்சீற்றுகளில் எத்தனைக்கு ஓரம் கிழிந்திருந்ததோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் அவளை ஏற்றிப்போகக் காரில் வந்த மகளை வாசலில் மறித்தேன். இங்கே படித்த பிள்ளை, பொறுமையாக இங்கிலீசில் சொன்னாள்.

"அன்ரி, நாங்கள் வியட்நாமில் இருந்து வந்தோம். ஆனால் வியட்நாம்காரர் இல்லை. நாங்கள் ம்னோங்."

உதட்டை மூடிக்கொண்டு தொடங்கவேண்டிய பெயர். நான் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். அவளும் மூன்று தரம் திருத்தினாள்.

"அம்மாவுக்கு வியட்நாம் பாஷை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் பாஷையைக் கதைத்தால் அடி விழும். எங்கள் மலைக்காட்டை எடுக்க வந்தவர்களும், அப்பாவைக் கொண்டுபோனவர்களும் அந்தப் பாஷையில்தான் கட்டளை போட்டார்கள். நீங்கள் கூட்டிவந்த பெண்ணில் அம்மாவுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பாஷைக்கு அம்மாவின் வாய் திறக்காது."

நான் வாசலிலேயே நின்றேன். வேறு யார் இந்தப் பிழையை விட்டிருந்தாலும் மன்னிக்கலாம். நான் ஒரு தமிழிச்சி. 'நீ ஸ்ரீலங்காதானே, அப்போது உன் பாஷை சிங்களம்தானே' என்று எத்தனை பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள்! எத்தனை பேரை முறைத்திருக்கிறேன்! அதே வாயால்தான் அவளை வியட்நாம்காரி ஆக்கினேன்.

அடுத்த நாள் காலை முதல் பெட்சீற்றை உதறும்போதே சொன்னேன். "யூ ம்னோங். மீ ரோங்."  அவள் பக்கத்திலிருந்து துணி இளகி வந்தது.

அந்த மத்தியானம் அவள் உப்புச் சாடியைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். திரேசம்மா பாய்ந்து தன் சோற்றுப் பெட்டியைத் தூக்கினாள். இவள் உப்பை விரலால் பரப்பி மலை போட்டாள், ஆறு கீறினாள், ஓரத்தில் ஒரு ஏரி. நடுவிலே ஒரு புள்ளியைத் தொட்டுத் தன் நெஞ்சைத் தொட்டாள். அங்கேதான் அவளுடைய ஊர். பிறகு ஒவ்வோர் இடமாக விரலை வைத்து, அந்தந்த இடத்து ஆட்கள் எப்படிக் கதைப்பார்கள் என்று கதைத்துக் காட்டினாள். கையாலும் அந்த நாற்பது சொல்லாலும் விளங்காத மிச்சத்தை மகள் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள். எல்லோரும் ம்னோங்தான். தண்ணீரை 'டாக்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஏரிக்கரையார் கதைத்தால் இவளுக்குப் பாதிதான் விளங்குமாம். ஏரிக்கரையார் மாதிரிக் கதைக்கும்போது தாடையை ஒரு பக்கம் கோணினாள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் கம்போடியா. அங்கேயும் அவளுடைய சனம்தான். அந்த நாட்டில் இந்தச் சனத்தின் பெயரையே வசவாக வைத்திருக்கிறார்களாம். காட்டுமிராண்டி என்று ஏச வேண்டுமென்றால் இவர்களுடைய பெயரைச் சொல்லி ஏசுவார்களாம். அதைச் சொல்லும்போது விரலால் அந்தப் பக்கத்து உப்பைத் தட்டிவிட்டாள். யார் கதைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சொல் கேட்டாலே போதும், எந்த மலை, ஆற்றின் எந்தக் கரை என்று தன்னால் சொல்ல முடியும் என்றாள்.

"இதென்ன புதினம்?" என்றாள் திரேசம்மா. "எங்களுக்கும் உங்கடை தீவாருக்கும் இருக்கிற மாதிரித்தானே."

"என்ன மாதிரி?"

"நீங்கள் கடல் காத்துக்கு மேலாலை கத்திக் கத்திக் கதைக்கிறனீங்கள்."

"நீங்கள் மட்டும் என்னவாம்? வெத்திலை குதப்பினபடி மூக்காலை கதைக்கிறனீங்கள்."

அவளுக்கு எங்கள் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசையில் அடித்துச் சிரித்தாள். "சேம்! சேம்!"

வயது போய் இரண்டு பேரும் வேலையை விட்டோம். நான் வெக்ஸ்போர்ட்டில் மகன் வீட்டில். அவள் மோர்னிங்சைட்டில் வயதானவர்களுக்கான மாடிக் கட்டடத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில். மகள் வேலைக்காக அல்பேர்ட்டாவுக்குப் போனாள். கூட வா என்று கூப்பிட்டாள். இவள் போகவில்லை. அவர்களுடைய வழக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான், பிள்ளைகளும் தாயின் வழிதான். ஊரிலே இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பிறகு அவள் இது என்னுடையது என்று சொன்னது மோர்னிங்சைட்டில் இருந்த அந்த ஒற்றை அறையைத்தான். நான் லோரன்ஸ் பஸ் எடுத்துப் போனால், கதவைத் திறந்து, ஒரு பக்கமாக விலகி நின்று, கையால் உள்ளே காட்டுவாள். அரண்மனைக்காரி தோற்றுப்போவாள்.

ஒருநாள் அவளுடைய அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. யாருக்குத்தான் அடிப்பிடிக்கவில்லை? என் மருமகளுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் அடிப்பிடிக்கிறது. ஆனால் இவளுடைய புகைக்கு மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இவளுக்கு மறதி வருத்தமோ, தனியே இருக்கக்கூடியவளா என்று கிளினிக்கில் கடிதம் எடுத்து வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கவேண்டும் என்று கட்டடத்து ஒபிசில் சொன்னார்கள். வேறு இடம் என்றால் மறதிக்காரரைக் கதவைப் பூட்டி வைத்திருக்கும் மாடி. மகள் தொலைபேசியில் அழுதாள். நான் கூடப் போனேன்.

கிளினிக்கில் சோதிக்க இருந்தது ஓர் இளம் பெண். கழுத்து அட்டையில் தமிழ்ப் பெயர். முகத்தைப் பார்த்தால் எங்கள் கோயிலுக்கு வருகிற ஒருத்தியின் மகள் போல இருந்தது. கேட்டேன், ஓம் அவள்தான். எனக்குப் பாதிப் பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. வீணாக இறங்கியது.

மேசையில் இருந்த தொலைபேசியை அமத்தினாள். அதிலிருந்து மொழிபெயர்க்கும் ஆளின் மரியாதையான குரல் வந்தது. வியட்நாம் பாஷை. இது என்ன வருடம்? அவள் சுவரைப் பார்த்தாள். இது என்ன நகரம்? சுவர். நான் சொல்லும் மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். சுவர். அந்தப் பிள்ளை கொம்பியூட்டரில் சைபர், சைபர், சைபர் என்று அடித்துக்கொண்டே போனாள்.

"பிள்ளை, கொஞ்சம் நில்லும். அவவுக்கு விளங்காமல் இல்லை. மறுமொழி சொல்லமாட்டா. அது அவவின்ரை பாஷை இல்லை."

"பட், இவங்க வியட்நாம்தானே அன்ரி? ஃபைலிலை அப்பிடித்தானே இருக்கு."

"உம்மடை அம்மாவை ஆரும் சிங்களத்திலை சோதிச்சுப்போட்டுச் சைபர் போட்டால் நீர் என்ன செய்வீர்?"

"அது வேறை கேஸ், அன்ரி."

"என்ன வேறை?"

அவள் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினாள். பாஷைகளின் பட்டியலைத் தேடினாள். "எம்... மலாய், மலையாளம், மாண்டரின், மொங்கோலியன். அடுத்தது நேபாளி. நீங்கள் சொல்லுறது சிஸ்ரத்திலை இல்லை. மொங்கோலியன் கிட்ட வருமா?"

"கிட்ட வாறதெண்டால், உமக்குத் தெலுங்கிலை வைக்கட்டே சோதினை?"

அவளுக்கு முகம் சிவந்தது. இரண்டு கிழமைக்குள் மொழிபெயர்க்க ஓர் ஆளை நாங்களே பிடித்தால் இன்னொரு தரம் சோதிக்கலாம் என்றாள். இல்லாவிட்டால் சைபர்தான் போகும். யாருடைய வேலையை யார் செய்வது? ஒரு மனுசியைப் பூட்டி வைக்கிறதற்குத் தாள் இருக்கிறதாம், அவளோடு கதைக்க ஆள் இல்லையாம்!

மகள் அமெரிக்காவுக்குத் தொலைபேசி அடித்து, அங்கே குடியேறிய மலை ஆட்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு ம்னோங் பெண்ணைப் பிடித்தாள். இரண்டாம் தரம் போனோம். தொலைபேசியில் அந்தப் பெண் ஒரு வரி கதைத்தாள். எங்களவளுக்குக் கண் கலங்கப்போகிறது என்று நான் கைலேஞ்சியை எடுத்து வைத்திருந்தேன்.

அவள் தாடையை ஒரு பக்கம் கோணினாள். பிறகு தொடங்கினாள்.

"ஏன் இவங்க சண்டை பிடிக்கினம்?" என்று பயந்தாள் அந்தப் பிள்ளை.

தொலைபேசிப் பெண் சிரித்துக்கொண்டு இங்கிலீசில் சொன்னாள். "நான் ஏரிக்கரையாள் என்று கண்டுபிடித்துவிட்டார். என் பாட்டி எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிட்டார், சரிதான். நான் கதைப்பது சரியில்லையாம்."

நினைவில் வைக்க மூன்று சொல் கொடுத்தார்கள். மழை, கதிரை, வாழைப்பழம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு நடந்தது. கதிரையில் பெரிய சண்டை. எங்கள் ஆட்கள் பாயிலும் மரக்குற்றியிலும் இருக்கிறவர்கள், நீ சொல்லும் சொல் வியட்நாம்காரரிடம் எடுத்தது, அது வேண்டாம் என்றாளாம். அந்தப் பெண்ணும் விடவில்லை. பிறகு இது என்ன மாதம், எங்கே இருக்கிறாய், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று மற்றக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பட்டென்று மறுமொழி. கடைசியில், முதலில் சொன்ன மூன்று சொல்லும் என்ன?

அவள் விரலை மடித்து மடித்துச் சொன்னாள். முதலில் தன் ஊர் வழக்கில் மூன்று. பிறகு ஏரிக்கரை வழக்கில் மூன்று. பிறகு கோட்டுக்கு அப்பாலே சொல்வதுபோல மூன்று. கடைசியாக, கதிரைக்கு வியட்நாம்காரரின் அந்தச் சொல்லையும், நிலத்தில் கிடக்கிற ஒன்றைக் காலால் காட்டுவதுபோலச் சொல்லி நிறுத்தினாள்.

அந்தப் பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்தாள். "மூண்டு பெட்டிதான் இருக்கு அன்ரி."

"மூண்டிலையும் சரி போடும். மிச்சத்தைக் கண்ணாலை பாத்தீர்தானே."

தாள் வந்தது. தனியே இருக்கக்கூடியவள் என்று எழுதியிருக்கிறதாம். கீழே கையெழுத்து வைத்தால் போதும். எங்களவள் பேனையை எடுத்தாள். வைக்கவில்லை. மேலே ஒரு வரியைத் தொட்டு என்னைப் பார்த்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும், சூப்புக் கடைகளின் பலகையில் பார்த்துப் பழகிய சொல். பாஷை: வியட்நாம்.

"ரோங்" என்று பேனையை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, ப்ளீஸ். ஒண்டைத் தெரிவு செய்யாட்டிப் பேஜ் மூவ் ஆகாது. உது சும்மா ஒரு லைன். இண்டைக்கு நாலு மணிக்குள்ளை அனுப்பாட்டி பழைய ரிப்போர்ட்தான் நிக்கும். அவங்களைச் சைன் பண்ணச் சொல்லுங்கோ."

 வீடு போகப்போகிறது. ஒரு வரிக்காக! "சைன்! ஹவுஸ்! சைன்!" என்று அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "யூ சைன்?" என்று கேட்டாள்.

உன் தாளில் இப்படி எழுதியிருந்தால் நீ வைப்பாயா என்று கேட்டாள். வைக்கமாட்டேன் என்று நான் சொல்லுவேன் என்று நம்பித்தான் கேட்டாள். என் வாயும் அப்படிச் சொல்லத்தான் திறந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் எனக்குச் சிங்களத்தில் மொழிபெயர்க்க ஒருவரை இருத்தினார்கள். நல்ல மனிதர், தேத்தண்ணி எடுத்துத் தந்தார். ஆனால் எங்கள் வீட்டுப் படலையை உதைத்துத் திறந்தவர்கள் அந்தப் பாஷையில்தான் கத்தினார்கள். எனக்கு வேறு பாஷை வேண்டும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். மீன் வாங்க வருகிறவர்களிடம் பிடித்திருந்த நாலு சிங்களச் சொல்லில் மறுமொழி சொல்லி, தாய்மொழி சிங்களம் என்று எழுதி அவர் வாசித்துக் காட்டிய தாளில் கையெழுத்தும் வைத்தேன். கட்டின மனுசனுக்குச் சொல்லவில்லை. மகனுக்குச் சொல்லவில்லை. எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

"யெஸ்" என்றேன். "மீ சைன்." கையெழுத்து வைப்பதுபோலக் கையால் காட்டி, சிங்களம் என்றும் சொன்னேன்; அந்தச் சொல்லுக்கு நான் முறைப்பதை லோண்டரியில் அவள் எத்தனையோ தரம் பார்த்தவள். கோயிலுக்கு வருகிறவளின் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும்.

அவள் என் கையைத் தடவவில்லை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. "ரோங்" என்றாள். அவ்வளவுதான்.

நான் தாளை எடுத்து அந்தப் பிள்ளைக்கு முன்னால் வைத்தேன். "வெட்டிப்போட்டுப் பேனையாலை எழுதும்."

"கையாலை எழுதினால் எடுப்பினமோ தெரியாது அன்ரி."

"எடுக்காட்டி நான் வந்து வாசலிலை இருக்கிறன். எழுதும்."

மூன்றரை மணிக்கு அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைக் கீறி வெட்டினாள். தொலைபேசிப் பெண் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மேலே எழுதினாள். எங்களவள் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகு கீழே தாய் வைத்த பெயரை மெல்ல எழுதினாள். அட்டையில் இருக்கும் பெயர் இது இல்லையே என்று அந்தப் பிள்ளை வாயெடுத்தாள். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கட்டடத்து ஒபிசில் தாளை ஏற்றுக்கொண்டார்கள். அவள் இன்னும் நான்கு வருடம் அந்த ஒற்றை அறையில் இருந்தாள். அங்கேயேதான் கண்ணை மூடினாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறியதும் அவள் தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரையானாள். பக்கத்து இருக்கை வெறுமையாகத்தான் கிடந்தது. மோர்னிங்சைட் வரும்வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பக்கத்தில் இருக்க என்னால் முடியவில்லை. அவளுடைய தாள் வெட்டித் திருத்தியாகிவிட்டது. என்னுடையது இந்த நாட்டில் ஏதோ ஓர் அலுமாரியில், என் கையெழுத்தோடு அப்படியே கிடக்கிறது.